எதிர் நாற்காலி

சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பது எனக்குப் பிடிக்காத வேலை. பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே பல வருடங்களாக நின்றிருக்கிறேன். ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து படப்பை போகும் வழியில் உள்ள அந்த சைவ ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார வேண்டுமென்றால் வேறு வழி கிடையாது. டோக்கன் வாங்கிக்கொண்டு, யார் மோர் சாதத்துக்கு வந்துவிட்டார் என்று நோட்டம் பார்த்து, அவர் முதுகுக்குப் பின்னால் குடும்பத்தோடு நிற்க வேண்டும். அவர் இன்னும் ரசத்தில் இருந்தால் நமக்குப் பத்து நிமிடம். இரண்டாம் முறை சாம்பார் கேட்டால் நமக்கு வயிறு எரியும். கூச்சம் பார்த்தால் பட்டினிதான்.

நான் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில், தரம் பார்க்கும் பிரிவில் சூப்பர்வைசர். லைன் நிற்காமல் ஓடுகிறதா என்று பார்ப்பதிலேயே பாதி ஆயுள் போய்விட்டது. அதனாலோ என்னவோ, எங்கே எது நகராமல் நின்றாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். டோல்கேட்டில் வரும், ரேஷன் கடையில் வரும். "இது இன்னா உங்க லைனா?" என்று என் மனைவி கேட்பாள். கேட்டால் இன்னும் கொஞ்சம் வரும்.

அந்த ஞாயிறு அமாவாசை. எனக்கு அது தெரியாது. அப்பாவும் அம்மாவும் காஞ்சிபுரத்தில் அண்ணன் வீட்டில் நன்றாக இருக்கிறார்கள். பெற்றவர்கள் இருக்கிறவரை அமாவாசை என்பது காலண்டரில் ஒரு கறுப்பு வட்டம், அவ்வளவுதான். மனைவி வீட்டிலும் அப்படியே. பிரியாணிக் கடைகள் காற்று வாங்க, கறி தின்கிற கூட்டமெல்லாம் சைவ ஹோட்டலில் வந்து குவிந்திருந்ததைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பசியும் ஆறு வயது மகளின் சிணுங்கலும்தான் காதில் விழுந்தன.

கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருவர் உட்காரும் சின்ன மேசை ஒன்று உண்டு. அதில் ஒரு பெரியவர் இருந்தார். நீலநிற செக்யூரிட்டி சட்டை, கீழே வேட்டி. அவர் முன்னால் ஒரு மீல்ஸ் தட்டு, எதிரே காலி நாற்காலியின் முன்னால் இன்னொன்று. இரண்டிலும் சோறு, கூட்டு, பொரியல், பாயசம், மேலே அப்பளம் என்று எல்லாம் பரிமாறியாகிவிட்டது. இரண்டையும் யாரும் தொடவில்லை. அவர் மடியில் கைகளை வைத்துக்கொண்டு, தலை குனிந்து, சும்மா உட்கார்ந்திருந்தார். நான் ஐந்து நிமிடம் பார்த்தேன். ஒரு ஆள், இரண்டு தட்டு, வேலை நடக்கவில்லை. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. போய் அந்தக் காலி நாற்காலியின் முதுகில் கையை வைத்தேன்.

"சார், இந்த சீட்டுக்கு ஆள் வருமா, வராதா?"

அவர் நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, நாற்காலியின் மேலிருந்த கையைத்தான் பார்த்தார். "வராது சார்" என்றார்.

"அப்புறம் எதுக்குப் புட்ச்சி வெச்சிக்கினு கீறீங்க? கொழந்தைய வெச்சிக்கினு எவ்ளோ நேரமா நிக்கிறோம்?"

அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுந்துவிட்டார். எதிர்த் தட்டை ஒருமுறை பார்த்தார். தன் நாற்காலியை மேசைக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டார். கைகூடக் கழுவவில்லை. சோற்றில் கை வைத்திருந்தால்தானே கழுவ வேண்டும்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஜெயித்த மாதிரி இருந்தது.

மனைவி கை கழுவப் போனாள். நான் மூன்றாவது நாற்காலி ஒன்றைத் தேடி இழுத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் மகள் அந்த எதிர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, முன்னாலிருந்த தட்டின் அப்பளத்தை நொறுக்கிப் பாயசத்தில் போட்டு, வாயெல்லாம் வழிய வழியத் தின்றுகொண்டிருந்தாள். நான் தடுக்கவில்லை. யாரும் தொடாத தட்டு, பழுதில்லாத பொருள் என்று சிரிக்கக்கூடச் செய்தேன்.

சாம்பார் வாளியோடு வந்த சப்ளையர் அப்படியே நின்றுவிட்டார். எங்களை வருடக்கணக்காகத் தெரிந்தவர், உள்ளூர்க்காரர்.

"சார், பாப்பா இன்னா சாப்டுது? அந்தத் தட்டையா?"

"டோக்கன் இருக்குப்பா. அதுக்குப் பதிலா இதுல ஒண்ணு எடுத்துக்கோ."

"டோக்கன யாரு சார் கேட்டா? அது படையல் சார். செத்துப்போன அவரு பொண்ணுக்கு. அமாவாசைக்கு அமாவாசை இங்க வந்துதான் வெப்பாரு."

கையை உதறிக்கொண்டு வந்த மனைவி அதைக் கேட்டுவிட்டாள். மகளின் வாயை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். பிள்ளை வலிக்கிறது என்று அழுதாள். நாங்கள் சாப்பிடாமலே வெளியே வந்தோம். ரோட்டில் இரண்டு பக்கமும் பார்த்தேன். நீலச் சட்டை எங்கும் இல்லை.

மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள் மனைவி, ஒரு வாரம் காலையும் மாலையும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளை ஓடியாடிக்கொண்டுதான் இருந்தாள். இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று மனைவி என்னிடம் சத்தியம் வாங்கினாள். பிள்ளை தின்றது அவளுக்குப் பயம். எனக்கு அது இல்லை. சாப்பாட்டில் உட்கார்ந்த மனிதரை எழுப்பிவிட்டேன் என்பதுதான் எனக்கு உறுத்தல். எங்கள் வீட்டில் சாப்பிடுகிற நாயைக்கூட விரட்ட மாட்டார்கள். நான் ஒரு தகப்பனை எழுப்பினேன். அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவளையும் சேர்த்து எழுப்பினேன்.

படையல், ஆவி என்பதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை உண்டா என்று தெரியாது. கம்பெனியில் எதையும் அளந்து பார்த்துத்தான் ஒப்புக்கொள்வேன். ஆனால் கேன்டீனில் எதிர் நாற்காலி காலியாக இருந்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. லைனில் நிற்கிறவர்கள் ஒதுங்கப் போக வேண்டுமென்றால் மாற்று ஆள் வர வேண்டும், அதனால் நாளைக்குப் பத்து முறை என்னிடம் கேட்பார்கள், "சார், ஆள் வருமா?" என்று. அவர்கள் கேட்கும்போதெல்லாம் என் உள்ளங்கையில் அந்த நாற்காலியின் முதுகு வந்து உட்கார்ந்துகொள்ளும். "வராது சார்" என்ற குரலும் கூடவே வரும்.

அடுத்த அமாவாசைக்குப் பர்மிஷன் போட்டுவிட்டு, கூட்டம் சேர்வதற்கு முன்பே போனேன். அதே மேசையைப் பிடித்து இரண்டு மீல்ஸ் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அவர் வரவில்லை. ஒரு மணிக்கு என் முதுகுக்குப் பின்னால் ஒரு குடும்பம் வந்து நின்றது. அவர்கள் மூச்சு விடுவது என் பிடரியில் தெரிந்தது. எழுந்து கொடுத்துவிட்டேன்.

அதற்கு அடுத்த அமாவாசைக்கு வந்தார். என்னைக் கண்டதும் வாசலிலேயே தயங்கினார். நான் எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். அந்த வார்த்தையை நான் வாழ்க்கையில் அதிகம் சொன்னதில்லை, அதனால் சரியாக வரவில்லை.

"நீங்க இரிங்க சார்" என்றார். சங்கரன்கோயில் பக்கத்துப் பேச்சு. "போன மாசம் நான் வரல. பயமா இருந்துச்சு."

"என்னைப் பாத்தா?"

"உங்களயில்ல சார். அவள. பசியோட எந்திரிக்க விட்டுட்டேம்லா."

பிறகு அவராகவே சொன்னார். மகள் இந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள், ஹாஸ்டலில் இருந்தாள். மாதம் ஒருமுறை ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து பார்ப்பார். அவள் அவரை இந்த ஹோட்டலுக்குக் கூட்டிவந்து, இதே மேசையில் உட்கார வைத்து, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிச் சொல்லி இரண்டு மணி வரை சாப்பிட வைப்பாள். ஒரு முறை விடுப்பில் ஊருக்குப் போனவளுக்கு மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் இல்லை. அதற்குப் பிறகு அவருக்கு ஊரில் இருக்க முடியவில்லை. வல்லம் வடகாலில் ஒரு குடோனுக்குக் காவல் வேலைக்கு வந்துவிட்டார்.

"ரூம்ல ஆறு பேரு இருக்கோம் சார். அடுப்பு கூடாதுன்னு வீட்டுக்காரவுக சொல்லிட்டாவ. கன்னியாப் போன பிள்ளைக்குப் படைக்காம விட முடியுமா? அவ உக்காந்து சாப்ட்ட எடந்தான இது. வச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். அவ எந்திரிச்ச பொறவு, அந்தத் தட்ட நான் எடுத்துக்கிடுவேன்."

நான் நகராத வேலை என்று நினைத்தது அதைத்தான்.

"அன்னைக்கு அந்தத் தட்டு குப்பைக்குத்தான சார் போயிருக்கும்?" என்று கேட்டார்.

மனைவிக்குச் செய்துகொடுத்த சத்தியம் நினைவுக்கு வந்தது. ஆனால் அந்த மனிதர் அந்தக் கேள்வியோடு இரண்டு மாதம் படுத்து எழுந்திருக்கிறார் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. சொல்லிவிட்டேன். என் மகள்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள், அவள்தான் சாப்பிட்டாள் என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"பாயசத்துல அப்பளத்த நொறுக்கிப் போட்டுச்சா?"

அதை நான் சொல்லியிருக்கவில்லை. பாதித் தமிழ்நாடு பாயசத்தை அப்படித்தான் சாப்பிடுகிறது. என் மனைவி அப்படித்தான் சாப்பிடுவாள், மகள் அவளிடம்தான் கற்றுக்கொண்டாள். இதைச் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நான் "ஆமா" என்று மட்டும் சொன்னேன்.

அவர் சிரித்தார். அன்று இரண்டு தட்டையும் சாப்பிட்டார். ரசம் இரண்டு முறை வாங்கினார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. கை கழுவிக்கொண்டே, குழாயைப் பார்த்தபடி அவர் கேட்டார்.

"அடுத்த அமாவாசைக்குப் பாப்பாவக் கூட்டிட்டு வாரீங்களா சார்? எதுக்க உக்காந்தாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"வர்றோம்" என்றேன். அந்த இடத்தில் நின்றுகொண்டு வேறு எதைச் சொல்ல முடியும்?

வீட்டில் சொன்னதும் மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"உங்களுக்கு இன்னா பைத்தியமா புட்ச்சிக்கிச்சி? உசுரோட கீற கொழந்தைய செத்த பொண்ணு எடத்துல குந்த வெப்பீங்களா? ஒரு தபா தெரியாம நடந்துச்சி. தெரிஞ்சே செய்வீங்களா?"

அவள் சொன்னது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அன்று பெரியவர் சிரித்ததை நினைத்தால் போக வேண்டும் போலிருக்கும். குழாயைப் பார்த்துக்கொண்டே கேட்டதை நினைத்தால் மகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். தனியாகவாவது போய் முடியாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அதற்கும் எனக்குத் தைரியம் வரவில்லை. லைனில் இருநூறு பேருக்கு முன்னால் கத்துகிறவன் நான்.

நான் போகவில்லை. இரண்டு அமாவாசை போய்விட்டது. இப்போது காலண்டரைப் பார்க்காமலே எனக்கு அந்த நாள் தெரியும். அன்றைக்கு மட்டும் ஹோட்டல் இருக்கும் ரோட்டை விட்டுவிட்டு, வேலை முடிந்து மணிமங்கலம் வழியாகச் சுற்றிக்கொண்டு படப்பையில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்கிறேன். வீட்டில் யாரும் ஏன் தாமதம் என்று கேட்பதில்லை.

போன வாரம் படப்பையில் மகளோடு காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது அந்த சப்ளையர் எதிரே வந்தார்.

"இன்னா சார், ஆளையே காணோம்?"

வேலை அதிகம் என்றேன். கேட்காமலே நழுவியிருக்கலாம். வாய் கேட்டுவிட்டது. "அவர் வர்றாரா?"

"வராம? ஆனா முன்ன மாதிரி இல்ல சார். முன்னல்லாம் வெப்பாரு, கொஞ்ச நேரம் இருப்பாரு, சாப்ட்டுப் பூடுவாரு. இப்ப ரெண்டு தட்டையும் வெச்சிக்கினு வாசலையே பாத்துக்கினு கீறாரு. பாயசம் ஆறி ஆட கட்டிப்போவுது. ஜனம் பின்னால வந்து நிக்கிது, மொதலாளி என்னைக் கத்துறாரு. எழுந்துருங்க பெரியவரேன்னா எழுந்துக்கவே மாட்டேன்றாரு. அந்த நாற்காலி மேல கைய வெச்சிக்கினு ஒரே பேச்சா பேசுறாரு சார்."

"என்ன சொல்றாரு?"

"ஆள் வருதுன்றாரு."

என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த மகளைப் பார்த்து, "பாப்பா நல்லா வளந்துட்ச்சி" என்று சிரித்துவிட்டு அவர் ஷேர் ஆட்டோவை நோக்கி நடந்தார்.