அம்மா படிப்பித்த தமிழ்

“நீ சாப்பிடு அம்மா” என்று சிங்களத் தாதி ஒருத்தி கஞ்சி ஊட்டியபோது எனக்குச் சுருக்கென்றது. எழுபது வயது அம்மாவை ‘நீ’ என்பதா? ஆசுபத்திரியின் கருத்துப் பெட்டியில், “மரியாதை தெரியாத இடம், யாரையும் வரச் சொல்லமாட்டேன்” என்று அவள் பெயரோடு எழுதிப் போட்டேன். மறுநாள் அவளை வேறு வாட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

“அந்தப் பிள்ளை எங்க?” அம்மா கஞ்சிக்கு வாயைத் திறக்க மறுத்தார்.

“மரியாதையில்லாமல் கதைச்சவள். நான்தான் எழுதிப் போட்டனான்.”

“விசரா! அவளுக்குத் தமிழ் படிப்பிச்சதே நான்தான். ‘நீங்கள்’ எண்டால் தூரமாக் கிடக்கு, ‘நீ’ எண்டு கூப்பிடு எண்டனான்.”

ஓடிப்போய், அவளைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டேன். இனி மாற்ற ஏலாது என்றார்கள். மூன்று நாள் நான் ஊட்டிய கஞ்சியை எனக்காக விழுங்கிவிட்டு அம்மா கண்ணை மூடிவிட்டார்.

ஊரில், புல்மோட்டையில் இருக்கும் உறவுகள், “அந்த ஆசுபத்திரி நல்லமோ?” என்று கேட்கும்போதெல்லாம், “ஓம், நல்லம்” என்கிறேன், ஏனென்று கேட்டுவிடுவார்களோ என்று பயந்தபடியே.