வகுப்பில் இருந்துகொண்டே ஆப்சென்ட்

தொண்ணூறுகளின் கடைசி. அடையாறில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் திக்குவாய். மற்ற நேரம் எப்படியோ சமாளித்துவிடுவேன்; வருகைப் பதிவில் என் நம்பரைக் கூப்பிட்டால் மட்டும் 'பிரசென்ட் மேடம்' தொண்டையிலேயே நின்றுவிடும். பக்கத்தில் உட்காரும் சைதாப்பேட்டை நண்பன்தான் எனக்கும் சேர்த்துக் குரல் கொடுப்பான். "நீ கம்முனு குந்து மச்சி, நான் பாத்துக்கறேன்" என்பான். வகுப்பில் இருக்கிறவனுக்கே ப்ராக்ஸி கொடுத்தது ஊர் உலகத்தில் எங்கள் பெஞ்சாகத்தான் இருக்கும்.

இரண்டாம் ஆண்டில் புதிதாக வந்த விரிவுரையாளர் அதைப் பிடித்துவிட்டார். பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "ரெண்டு பேருக்கும் ஒரே தொண்டையா?" என்றார். வகுப்பு சிரித்தது. அன்றோடு நண்பன் எனக்குக் குரல் கொடுப்பதை நிறுத்திவிட்டான். எனக்குத் தினமும் ஆப்சென்ட் விழுந்தது. வருகை குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். போய்ச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்வதற்கும் வாய் வேண்டுமே.

அவர் பாடத்தில் கேள்வி கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அலுத்துப்போய், அப்போது புதுசாக இருந்த மின்னஞ்சல் குழு ஒன்றை எங்களுக்காகத் தொடங்கினார். ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். பலரும் அதில் சினிமா ஜோக் அனுப்பினார்கள். நான் மேற்கு மாம்பலத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பாடத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். விரல் திக்கவில்லை.

ஒருநாள் அவர் குழுவிலேயே கேட்டுவிட்டார், இவ்வளவு எழுதுகிற நீங்கள் ஏன் வகுப்புக்கு வருவதே இல்லை என்று. நான் அவருக்கு மட்டும் பதில் போட்டேன். தினமும் வருகிறேன் மேடம், ஜன்னலோர பெஞ்ச், என்னால் 'பிரசென்ட்' சொல்ல முடியாது என்று எழுதினேன். அனுப்பிய பிறகு ஏன் அனுப்பினோம் என்று இருந்தது.

மறுநாள் பதிவேட்டைத் திறக்குமுன், "இனிமே யாரும் கத்த வேணாம்ப்பா. எனக்குத் தலைவலி. நம்பர் சொன்னா கைய தூக்குங்க, போதும்" என்றார். ஒவ்வொரு நம்பருக்கும் நிமிர்ந்து பார்த்துக் குறித்தார். என் முறை வந்தது, தூக்கினேன். மற்றவர்களைப் பார்த்த அளவுக்குத்தான் என்னையும் பார்த்தார். விட்டுப்போன வருகையைத் துறைத்தலைவரிடம் பேசிச் சரிசெய்தார் என்பது பரீட்சை சமயத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

எனக்காக ஒரு வகுப்பையே கை தூக்க வைத்தவர், அது எனக்காக என்று ஒருவருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டார். உதவி என்றால் எனக்கு இன்றும் அதுதான்.