கிள்ளை வேலியில் கட்டிய மஞ்சள் ரிப்பன்கள்

கார்த்திகை பிறந்த முதல் சனிக்கிழமை கடலூரிலிருந்து கிள்ளைக்குப் போனோம். பிச்சாவரம் படகுக்காக அல்ல, ஒரு வேலிக்காக. என் மனைவி வசந்தி சிதம்பரத்தில் ஆய்வு மாணவி. இந்த மாவட்டத்தில் தானாக வளரும் செங்காந்தள் மரபில் எவ்வளவு வேறுபட்டிருக்கிறது என்று மூலக்கூறு குறிப்பான்களை வைத்துப் பார்க்கிறாள். நான் பை தூக்குகிறவன்.

எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். இலையை அரைத்து, டி.என்.ஏ.வைப் பிரித்து, ஜெல்லில் ஓடவிட்டால் கோடு கோடாகத் தெரியும். அண்ணாகிராமத்து முந்திரித் தோப்பிலிருந்து கீரப்பாளையம் வாய்க்கால் கரை வரை, எல்லாச் செடிக்கும் ஏறக்குறைய ஒரே கோடுகள். கிள்ளைப் பக்கம் ஒரு வேர்க்கடலைக் கொல்லை வேலியில் மட்டும் வேறெங்கும் இல்லாத ஒரு கோடு. பூவைப் பார்த்தால் எந்த வித்தியாசமும் கிடையாது. அதை உறுதிசெய்ய மறுபடி இலை வேண்டும், காப்பாற்றி வைக்க விதை வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம்.

கோடையில் கொடி காய்ந்துவிடும், கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். இடம் தெரிய வேண்டுமே என்று போன வருடம் பதினான்கு செடிகளுக்கும் பக்கத்துக் குச்சியில் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தாள்.

காலை ஆறரைக்குப் பேருந்து. சிதம்பரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து ஆட்டோ, போக வர அறுநூறு ரூபாய்.

"போட்டிங்கா சார்? இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி" என்றார் ஓட்டுநர்.

பூ பார்க்கப் போகிறோம் என்றேன். கண்ணாடி வழியாக என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வேலி புதிதாக இருந்தது. கல் கால், முள்கம்பி. அடியில் நெடுக மண்ணைக் கொத்திப் போட்டிருந்தார்கள். வசந்தி உட்கார்ந்து கையாலேயே கிளறிப் பார்த்தாள். நிலத்துக்காரர் ராமலிங்கம் வந்தார்.

"நீங்க ரிப்பன் கட்டிட்டுப் போனீங்க இல்ல மேடம், அன்னையிலேர்ந்து வூட்ல தூக்கமில்ல. எங்க மச்சான் ஊர்ல இப்படித்தான் மொதல்ல சர்வேக்காரங்க துணிக்கொடி நட்டு அளந்தாங்க. அப்புறம் நெலத்தயே எடுத்துக்கினாங்க. அபூர்வச் செடின்னு எங்க கொல்லையையும் எடுத்துட்டா நாங்க எங்க போவோம்?"

"கிழங்கெல்லாம்?" என்றாள் வசந்தி.

"உப்பனாத்து உப்புத் தண்ணில போட்டுட்டோம். வெளிய கெடந்தா மறுபடி மொளச்சிடும்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று கத்திவிட்டேன்.

"கட்டும்போது நீங்க எங்கள கேட்டீங்களா சார்?"

அவர் வீட்டுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து வசந்தியிடம் நீட்டினார். அவிழ்த்த ரிப்பன்கள். "ஒங்க பொருளு எங்ககிட்ட இருக்க வேணாம்" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை, பயம்தான் இருந்தது.

செடி தேடிப் போகிறவர்களுக்கு: மழைக்காலத்தில் ரப்பர் செருப்பு போதும். கிள்ளைக் கடைத்தெருவிலேயே சாப்பிட்டுவிடுங்கள். கத்தரிக்கோலை எடுக்கும் முன் நிலத்துக்காரர் வீட்டில் உட்கார்ந்து எதற்கு வந்தோம் என்று முழுசாகச் சொல்லுங்கள். அடையாளம் எதுவும் கட்டாதீர்கள். ஆய்வகக் குளிர்பெட்டியில் போன வருடத்து டி.என்.ஏ. சில சொட்டு இருக்கிறது. அதை வைத்து இன்னும் சில முறை அந்தக் கோட்டைப் பார்க்கலாம், ஒரு செடிகூட முளைக்க வைக்க முடியாது.

வரும் வழியெல்லாம் வசந்தி அந்தப் பையைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தரையில் கொட்டி எண்ணினாள். ஒன்று குறைந்தால் ஒரு செடி அவர் கண்ணில் படாமல் தப்பியிருக்கும். இரண்டாம் முறையும் எண்ணினாள். பதினான்கும் இருந்தன.