ஸ்கீவ நூலகத்தில் கண்ட ரஷ்ய ஓவியர்

டென்மார்க்கின் ஸ்கீவ நகரத்துக்கு அகதியாக வந்த புதிதில், கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகத்தில் என் தொழில் என்னவென்று கேட்டார்கள். அகராதியில் தேடி வைத்திருந்த சொல்லைச் சொன்னேன்: "மேலர்." ஊரில் ஃபோட்டோவைப் பார்த்துப் பெரிதாகப் படம் கீறிக் கொடுக்கிறவன் நான். டேனிஷில் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவரும் மேலர்தான் என்று யார் கண்டது? கையில் ரோலரைத் தந்து நூலகத்துச் சுவர்களைக் காட்டிவிட்டார்கள். எல்லாம் வெள்ளை. எரிச்சலைக் கொட்டவும் பாஷை இல்லை.

அங்கேதான் சாப்பாட்டு நேரத்தில் ஒரு ரஷ்ய ஓவியரின் தடித்த புத்தகம் அகப்பட்டது. படங்களை வைத்தே அவர் வாழ்க்கையை வாசித்தேன். முதலில் பெரிய கையும் காலுமாகக் கிராமத்துச் சனம். பிறகு அதே சனம், தகரத்தில் வெட்டி ஒட்டியதுபோல. பிறகு சனமே இல்லை, ஒரு கறுப்புச் சதுரம். அதற்கும் பிறகு வெள்ளைக்கு மேல் வெள்ளை. இதைத்தானே நானும் காலையிலிருந்து அடிக்கிறேன் என்று சிரிப்பு வந்தது. பின்பக்கங்களில் சனம் திரும்பி வந்திருந்தது, முகம் மட்டும் வெறுமை. புது அரசுக்குச் சதுரங்கள் பிடிக்கவில்லை, ஆளைச் சிறையிலும் போட்டார்கள் என்று நூலகப் பெண் அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினார். சாகுமுன் முகங்களையும் வரைந்துவிட்டாராம்.

அந்த நாட்களில் என் அறையில் கூட இருந்த அண்ணையின் தாய் ஊரில் காலமானார். அவரால் போக வழியில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு மாலை போடவாவது ஒரு படம் வேண்டும் என்றார். வீடு எரிந்தபோது ஃபோட்டோக்களும் போய்விட்டன.

"நான் சொல்லச் சொல்லக் கீறும்" என்றார்.

நீள மூக்கு என்றார், கீறினேன். "இவ்வளவு நீளமில்லை." மூக்கையும் நாடியையும் குறைத்தேன். "இது ஆரோ மனிசி." தாள்கள் கிழிந்தன. பார்த்துக் கீற ஃபோட்டோ இல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் வராது என்பது அன்றுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அந்தியேட்டியும் நெருங்கியது.

கடைசியில் முகத்தைக் கேட்பதை விட்டேன். "ஆரும் கூப்பிட்டால் அம்மா எப்பிடி வருவா?"

"சீலைத் தலைப்பில கையைத் துடைச்சுக்கொண்டு, இடப்பக்கம் கொஞ்சம் சரிஞ்சு வருவா."

அப்படியே கீறினேன். முகத்துக்கு வெறும் தாளை விட்டேன்.

"முகம் எனக்குத் தெரியேல்லை அண்ணை. கோவிக்காதேங்கோ."

அவர் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து நின்றார்.

"ஓம்," என்றார். "அம்மா வாறா."