நாலாவது ஊசி சித்தி முறை

அன்று பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியில் நர்ஸம்மா இருந்தார். ஸ்டவ்வின் மேல் ஊசிகள் கொதிக்கும் பாத்திரம் இருந்தது. அம்மா இருந்தாள். அவள் இடுப்பில் என் தம்பி இருந்தான். வகுப்பு ஜன்னலில் மூக்கை நுழைத்துக்கொண்டு நான் இருந்தேன். சித்தி இல்லை, சித்தியின் மகனும் இல்லை. அவர்கள் வராததற்குப் பயமோ அசட்டையோ காரணமல்ல. அன்று அவர்கள் முறை இல்லை, அவ்வளவுதான்.

முறை என்பதை விளக்கியாக வேண்டும். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே கிணற்றுக்குப் பங்காளிகள். ஒரு நாள் தண்ணீர் எங்கள் காட்டுக்குப் பாய்ந்தால் மறுநாள் அவர்கள் காட்டுக்கு. எருமை ஒன்றுதான். காலைப் பால் எங்களுக்கு என்றால் மாலைப் பால் அவர்களுக்கு, அடுத்த வாரம் மாறிக்கொள்ளும். எதைத் தொடங்கினாலும் மூத்தவரான அப்பாவின் முறை முதலில் வரும். இந்த ஒழுங்கால்தான் இரண்டு அடுப்பு எரிந்தும் ஒரு சண்டை இல்லை என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொள்வாள்.

கக்குவான் இருமல் வராமலிருக்க மாதம் ஒன்றாக மூன்று ஊசி, காசு கிடையாது என்று நர்ஸம்மா வீடு வீடாக வந்து சொல்லியிருந்தார். ஊசி போட்ட பிள்ளைக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும், தொடை வீங்கும், பெற்றவளின் இடுப்பை விட்டு இறங்காது. அதுவோ கடலை பறிக்கும் காலம். இரண்டு பெண்களும் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் கடலை மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும்.

“ஏன் அம்மிணி, ரெண்டும் ஒண்ணா அழுதா ஆரு காட்டுக்குப் போறது? மொறை வெச்சுக்கலாம்” என்றாள் அம்மா.

“அதுஞ் சரிதானுங்க அக்கா. மொத மொறை உங்குளுது” என்றாள் சித்தி.

இதில் யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை. மாரியம்மன் நோன்புக்கு வீட்டுக்கு ஒருவர் காப்புக் கட்டிக்கொண்டால் வீடு முழுக்கக் கட்டிக்கொண்டதாகத்தான் எங்கள் வழக்கம்.

முதல் மாதம் தம்பிக்குப் போட்டார்கள். அவனோடு அம்மா வீட்டில் கிடந்தாள், சித்தி காட்டில் பறித்தாள். இரண்டாம் மாதம் நர்ஸம்மா தம்பிக்குக் கொடுத்திருந்த ஊசி அட்டையையே எடுத்துக்கொண்டு சித்தி தன் மகனைத் தூக்கிப் போனாள். இருவரும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள், ஒரே நாளில் குலசாமிக்கு மொட்டை போட்டவர்கள். நர்ஸம்மா அட்டையைப் பார்த்தார், தொடையைப் பார்த்தார். அத்தனை அழுகைக்கு நடுவில் முகத்தை யார் பார்ப்பது? மூன்றாம் மாதம், நான் ஜன்னலில் நின்ற அன்று, மறுபடியும் தம்பி. “மூணும் முடிஞ்சிச்சிம்மா, இனிமே பயமில்ல” என்று நர்ஸம்மா அம்மாவை அனுப்பி வைத்தார்.

சாயங்காலம் சித்தி கடலைக்கொடிக் கட்டை இறக்கிவிட்டுக் கைகூடக் கழுவாமல் வந்து நின்றாள்.

“ஏனுங்க அக்கா, உங்க பையனுக்கு ரெண்டு ஆச்சு. எம்பையனுக்கு ஒண்ணுதானுங்களே?”

“மூணுன்னா அப்படித்தானே அம்மிணி வரும். அடுத்தது உம்மொறைதான்.”

“அடுத்தது எங்கீங்க இருக்குது? அதான் முடிஞ்சுதுன்னுட்டாங்களே!”

அம்மா தம்பியின் வீங்கிய தொடையைத் தடவினாள். எனக்கோ விஷயம் பளிச்சென்று புரிந்துவிட்ட மாதிரி இருந்தது. வகுப்பில் அப்போதுதான் மீதி வரும் வகுத்தல் நடந்துகொண்டிருந்தது. மூன்றை இரண்டால் வகுத்தால் ஒன்று மீதி. அந்த மீதி என் தம்பியின் தொடைக்குள் போய்விட்டது, திருப்பி எடுக்க முடியாது. சர்க்காரில் அத்தனை படித்தவர்கள் இருந்தும் ஏன் நான்காக வைக்கவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

அடுத்த மாதம் சித்தி தன் மகனைத் தூக்கிக்கொண்டு என்னையும் அழைத்துப் போனாள். “நீ படிக்கிற புள்ள. நீயே எடுத்துச் சொல்லு சாமி.”

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னேன். “நாலாவது ஊசி வேணுமுங்க. இது எங்க சித்தி மொறைங்க.”

நர்ஸம்மா ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், வாய்த்துடுக்கு உண்டு. “நாலாவதா? நான் இன்னா பந்தியா வெச்சிருக்கேன், மறுசோறு கேக்கறே?” என்றார். வரிசையில் இருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். சித்தி தயங்கித் தயங்கி முழுவதையும் சொன்னாள். நர்ஸம்மாவின் சிரிப்பு நின்றது. அட்டையையும் மொட்டைத் தலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னாம்மா பண்ணி வெச்சிருக்கீங்க? உம்புள்ளைக்குப் போட்டது அந்தப் புள்ளை ஒடம்புல எப்பிடிம்மா சேரும்?”

“ஏனுங்க, நாங்க ஒரே ஊடுதானுங்களே?”

 நர்ஸம்மா ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினார். மருந்து தீர்ந்திருந்தது. “ரெண்டுக்குமே கொறையுது. அடுத்த மாசம் ரெண்டையும் தூக்கிட்டு வாங்க. மொறையெல்லாம் கெணத்தோட வெச்சுக்கங்க.”

திரும்பும்போது பாதி வழியில் சித்தி பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

“அப்ப உந்தம்பிக்கும் முழுசா ஆகலியா சாமி?”

“ஆகலீங்க சித்தி.”

இரண்டு பேருக்கும் குறை என்றால் வழக்கு தீர்ந்ததல்லவா, அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அடுத்த மாதம் பிறக்கும் முன்பே இருமல் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. தம்பி சில வாரம் இருமி எழுந்துகொண்டான். சித்தி மகன் இருமினால் முகம் கறுத்து நீலம் பாயும். மூச்சை உள்ளே இழுக்கையில் சேவல் கூவுவதுபோலச் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் அம்மா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். நாமக்கல் டாக்டரிடம் பார்த்தார்கள். அவர் கையை விரித்ததும் சேலத்துக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள்.

ஒரு விடிகாலையில் அப்பா எருமையை அவிழ்த்துச் சந்தைக்கு ஓட்டிப் போனார். அது யாருடைய பால் முறை என்று யாரும் கேட்கவில்லை. கயிற்றோடு மட்டும் திரும்பியவர் வீட்டுக்குள் வராமல் நேரே சேலம் பஸ் ஏறினார். பையன் பிழைத்து, காய்ந்த கொடிபோலத் திரும்பி வந்தான். அன்று அம்மா சித்தி வீட்டு அடுப்பில்தான் சமைத்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே இருந்தார்கள்.

ஓர் உழக்குப் பாலைக்கூட அளந்து பங்கு வைக்கும் வீடு எங்களுடையது. “எருமைப் பணத்துல நம்ம பாதி எவ்வளவும்மா?” என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நானே சிலேட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டேன். இவ்வளவு சுலபமான கணக்கைப் பெரியவர்கள் ஏன் தொடவே இல்லை என்று எனக்கு அப்போது புரியவில்லை. காசில்லாத அந்த ஊசிக்கு எங்களுக்கு ஆன செலவு, எருமை விற்ற எழுநூற்று இருபது ரூபாய். இரண்டால் வகுத்தால் மீதியே வராது.