தொழுகையை முறித்து எழுந்த வெதமாத்தயா

"வாப்பா மவுத்தாகிட்டாரு அண்ணன். லுஹர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்."

பல்லேபொல ஜுனைதீன் வைத்தியரின் மகன் போனில் அழைத்தபோது தபால் கந்தோரில் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். அரை நாள் லீவு போட்டுப் புறப்பட்டேன். பஸ்ஸில் இடம் இருந்தும் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே போனேன். அடக்கம் முடிந்து மூன்று நாளாகியும் மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. எழுதினாலாவது அடங்குகிறதா பார்ப்போம்.

சிங்களவரும் தமிழரான நாங்களும் அவரை, வைத்தியர் ஐயா என்ற பொருளில், வெதமாத்தயா என்றே அழைத்தோம். விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு மூலிகை பறிக்கப் போவார். பிஸ்மில்லாஹ் சொல்லாமல் மருந்தரைக்கமாட்டார். தாயத்துக் கேட்டு வந்தவர்களிடம், "நூல் கட்டினா சளி போகுமா? மூஞ்சியச் சுளிக்காம கஷாயத்தக் குடிங்க" என்பார். குறி, சகுனம் எதுவும் அவரிடம் செல்லாது. ஆனால் ஊர் விடுமா?

ஒன்பது வருடங்களுக்கு முன் மிளகுத் தோட்டத்தில் என் தம்பியைக் கண்ணாடி விரியன் கடித்தது. நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். புத்தி வேலை செய்யவில்லை, வெதமாத்தயா வீட்டுக்கு ஓடினேன். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்று கத்தினேன். அவர் உள்ளே அஸர் தொழுதுகொண்டிருந்தார். மருந்துக்குக் காத்திருந்தவர்கள் என்னைப் பார்த்துப் பதறிவிட்டார்கள். அழைக்க வருகிறவன் தலையில் கை வைத்து நின்றால் கடிபட்டவன் பிழைக்கமாட்டான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

தொழுது முடித்து என்னோடு தோட்டத்துக்கு ஓடிவந்தவர் கடிவாயைப் பார்த்ததுமே, "இது என் கையில இல்ல, மாத்தளைக்குக் கொண்டு போங்க" என்று தானும் த்ரீவீலில் ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் தம்பி போய்விட்டான்.

நான் நின்ற விதம்தான் அவனைக் கொன்றது என்று ஊர் பேசியது. நானும் நம்பினேன். அம்மா என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

கருமாதி முடிந்த மறுநாள் வெதமாத்தயா வீட்டுக்கு வந்தார். அம்மாவின் முன்னாலேயே சொன்னார்: "தம்பி, உங்க மேல ஒரு பிழையும் இல்ல. நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. உசிரக் காப்பாத்துறதுக்குத் தொழுகைய முறிக்கத்தான் வேணும். தெரிஞ்சும் முடிச்சிட்டு வந்தேன். பத்து நிமிஷம் போயிடுச்சு. என்னப் பொருந்திக்கோங்க."

மன்னித்துவிடுங்கள் என்பதை முஸ்லிம்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவர் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திராது. அம்மா அன்றுதான் என் கையைப் பிடித்து அழுதார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. "போங்க" என்றேன்.

அதன் பிறகு அவர் வீட்டில் தொழுவதெல்லாம் முன் விறாந்தையில்தான். "கூப்பிடுங்க, தொழுதாலும் எழும்பி வருவேன்" என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தார். ஒரு நாள் அவர் தொழும்போது ரோட்டில் நின்று பார்த்தேன். பிள்ளைக்கு வலிப்பு என்று ஒரு பெண் அலறினார், எழுந்தார். மறுபடி தொடங்கினார். பல்வலிக்காரர் ஒருவர் ஐயோ ஐயோ என்று வந்தார், அதற்கும் எழுந்தார். முகத்தில் ஒரு சலிப்பும் இல்லை, மூன்றாம் தடவையும் தொழக் கை கட்டினார். உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகவில்லை. பெருநாளுக்குப் பெருநாள் வட்டிலப்பம் அனுப்புவார். வெட்கமில்லாமல் சாப்பிட்டேன், அப்போதும் சொல்லவில்லை.

பள்ளிவாசல் முற்றத்தில் மகன் ஜனாஸாவின் பக்கத்தில் நின்று கேட்டார்: "வாப்பா யாருக்கும் பிழை செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கோங்க."

"பொருந்திட்டோம்" என்றது கூட்டம். என் நாக்கு எழவில்லை. தொழுகை முடிந்து அவரை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கி நடக்கத் தொடங்கினார்கள். ஆட்களைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

"பொருந்திட்டேன் வெதமாத்தயா! நீங்களும் என்னப் பொருந்திக்கோங்க!"

எல்லாரும் திரும்பினார்கள். மகன் நகர்ந்து, என் தோளுக்கு இடம் விட்டார்.

போய் வாருங்கள், வெதமாத்தயா. நீங்கள் பிந்தியது பத்து நிமிடம். நான் பிந்தியது ஒன்பது வருடம்.