சீக்கிரம் எரிந்த பச்சை விளக்கு

2008இல் வேலம்பாளையத்தில் மின்வெட்டுக்கு நேரம் காலம் கிடையாது. கரண்ட் வந்த நிமிஷமே பனியன் கம்பெனிகள் எல்லாம் ஒரேயடியாக மிஷினை ஓட்டும். வீட்டுக் குண்டு பல்பு அகல்விளக்கு மாதிரி எரியும். அந்த ஊரில்தான் முத்துப்பேச்சி பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினாள். கேலி செய்யாதவர்கள் இல்லை.

கேலி செய்தவர்களுக்குக் கால் இரண்டும் நன்றாக இருந்தன. இவளுக்கு இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப்போயிருந்தது. டவுன் பஸ் படியில் இரண்டு தரம் விழுந்தபின், பிறந்த ஊரான சாத்தூரிலிருந்து காதில் போட்டுவந்த தோட்டை விற்று வண்டி வாங்கினாள். லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். பனியன் கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளுக்கு எட்டரைக்குள் போய்விடலாம்.

சார்ஜ் சுத்தமாகத் தீர்ந்தபிறகுதான் மறுபடி போட வேண்டும், பாதியில் போட்டால் பேட்டரி கெட்டுவிடும் என்று செல்போன் கடைக்காரன் ஒருமுறை சொல்லியிருந்தான். அதை வேதவாக்காக வண்டிக்கும் கடைப்பிடித்தாள். ஊர்ந்து நிற்கும்வரை ஓட்டுவாள். அப்புறம் கரண்ட் வரும்வரை வண்டி காலியாகக் கிடக்கும்.

வாங்கிய பதினோராம் மாதம் வண்டி திணறியது. ஒரே வாரத்தில் மூன்று நாள் லேட். வியாழக்கிழமை ஏற்றுமதிச் சரக்கைக் கன்டெய்னரில் ஏற்ற வேண்டும், இன்னொரு தரம் தாமதித்தால் இடம் இருக்காது என்று சூப்பர்வைசர் சென்னம்மாள் சொல்லிவிட்டாள். அந்த வேலையை விட்டால் முத்துப்பேச்சிக்கு வேறு நாதியில்லை.

புதன் சாயங்காலம் கரண்ட் வந்ததும் சார்ஜரைச் செருகினாள். அரை மணியில் பச்சை விளக்கு எரிந்தது. இத்தனை சீக்கிரம் நிறைந்துவிட்டதே என்று, பாவி மகள், சந்தோஷப்பட்டாள்.

வியாழன் காலை வண்டி பாதி மேட்டில் நின்றது. கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். காலை இழுத்து இழுத்துத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் கந்தப்பன் கடையை அடைந்தபோது மணி ஒன்பது.

அவன் மீட்டர் வைத்துப் பார்த்தான். "இது செல்போன் பேட்டரி இல்லீங்கக்கா. அன்னன்னைக்கு ஏத்தியிருக்கோணும். காலியாப் போட்டுப் போட்டு நீங்களே கொன்னுட்டீங்க. செத்த பேட்டரிதானுங்க சீக்கிரம் பச்சை காட்டும்."

நான்கு பேட்டரியும் மாற்ற அவளுடைய மூன்று மாதச் சம்பளம் ஆகும் என்றான். அவள் செல்லை எடுத்துச் சென்னம்மாளை அழைத்து, ஆட்டோ பிடித்து இதோ வந்துவிடுகிறேன் என்றாள்.

"ஒண்ணும் அவசரமில்லீங்க, மெதுவா வாங்க," என்றாள் சென்னம்மாள், வழக்கத்தைவிட மரியாதையாக. "உங்க டேபிள்ல ஒரு புள்ளைய உக்கார வெச்சாச்சுங்க."